ராகிக்கு நடுவே துவரை: பெங்களூர் பக்கம் முதல் ஊடுபயிர் போடுவோருக்கு

மாலூர், ஹொசகோட்டை, ஆனேக்கல் பக்கம் பத்து குண்டே, இருபது குண்டே நிலத்தை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வைத்திருக்கும் தமிழர்கள் பெங்களூரில் நிறையப் பேர். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களும் உண்டு, வேலைக்கு வந்து வைட்ஃபீல்டில் தங்கிவிட்டவர்களும் உண்டு. பத்திரம் கைக்கு வந்ததும் பெரும்பாலும் மாங்கன்றும் சப்போட்டாவும்தான் நடுகிறார்கள். தானியம் என்றால் பின்வாங்குகிறார்கள். மானாவாரி ராகிக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. உள்ளூரில் ஒரு ஆள் துணை இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறவர்கூட அதை விளைவித்துவிடலாம். கூடவே ஒரு பருப்புப் பயிரையும் போட்டால் ஒரே உழவில் இரண்டு விளைச்சல்.

இந்தச் செம்மண்ணுக்குப் பழகிய ஜோடி ராகியும் துவரையும். அதற்கு அடுத்தது ராகியும் அவரையும். இங்குள்ள விவசாயிகள் இந்த முறையை அக்கடி சாலு என்பார்கள். பழைய முறையில் ராகிக்கு இடையே விடும் சாலில் துவரை, அவரை, காராமணி, சோளம், கடுகு, ஆமணக்கு, பேய் எள் என்று ஆறேழு விதைகள் கலந்து போகும். புதிதாக வருகிறவர்கள் அதில் இறங்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் அறுவடைக்கு வரும். வாரம் ஒருமுறை போகிறவரால் ஈடுகொடுக்க முடியாது. முதல் ஆண்டு இரண்டே பயிர் போதும்.

கீழே வரும் அளவுகள் பத்து குண்டே மானாவாரி நிலத்துக்கு. ஒரு குண்டே 33 அடிக்கு 33 அடி. நாற்பது குண்டே ஒரு ஏக்கர். சென்ட் கணக்கில் பழகியவர்கள் குண்டே ஒன்றுக்கு இரண்டரை சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த ஜோடி

ஊடுபயிர் என்றதும், பருப்புப் பயிர் தழைச்சத்தைக் கொடுக்கும், தானியம் அதை வாங்கி வளரும் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். துவரையின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது. ஆனால் பிடித்ததில் பெரும்பங்கைத் துவரையே செலவழித்துவிடுகிறது. அதே பருவத்தில் பக்கத்து ராகிக்குப் போய்ச் சேருவது சொற்பம். துவரை தன் தேவையைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் மண்ணில் இருக்கும் சத்துக்குப் போட்டி குறைகிறது, ராகிக்கு உடனடி லாபம் அவ்வளவுதான். துவரை உதிர்க்கும் இலையும் மண்ணில் மக்கும் வேரும் அடுத்த ஆண்டுப் பயிருக்குத்தான் உதவும்.

இந்த ஜோடி ஒத்துப்போவதற்கு முக்கியக் காரணம் நேரம். கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்படிக்குப் போனால்தான் சண்டை வரும். ராகி முளைத்த வேகத்தில் தூர் கட்டி, ஆகஸ்ட், செப்டம்பரில் மேல்மண் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, நவம்பரில் கதிர் முற்றிவிடும். துவரையோ முதல் இரண்டு மாதம் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றுகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் அதன் வேலையெல்லாம் மண்ணுக்குள், ஆணிவேரைக் கீழே இறக்குவதில். ராகி அறுத்த பிறகு வெளிச்சமும் இடமும் கிடைத்ததும் பக்கக் கிளை விட்டுப் பரவும். அடிமண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் கடைசி மழையையும் வைத்துக்கொண்டு பூத்துக் காய்த்து, ஜனவரியில் முடிக்கும். பெங்களூர் வட்டாரத்தில் மே மாதம் ஒரு நல்ல மழையும், செப்டம்பர், அக்டோபரில் பெருமழையும் வருவது இந்த அட்டவணைக்குப் பொருந்துகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளெல்லாம் எளிது. ரகம், விதைப்புத் தேதி, இடைவெளி எல்லாவற்றிலும், இரண்டு பயிரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளுக்குக் கை நீட்டுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ரகம்

ராகியில் ஜிபியு-28 நம்பகமானது. 110 முதல் 115 நாள், குலைநோயைத் தாங்கும். கொஞ்சம் முன்னதாக முடிய வேண்டுமென்றால் எம்எல்-365. ரொம்ப நீண்ட வயதுள்ள ராகி ரகங்கள் தனிப்பயிராக நல்லவை; ஊடுபயிரில் துவரைக்கு விட வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். ஊர்ப் பெரியவர்கள் இந்தாஃப் என்று ஒரு பெயர் சொல்வார்கள். மண்டியா வி.சி. பண்ணையில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய வரிசை அது. கர்நாடகத்தின் ராகி விளைச்சலை உயர்த்தியவர் அவர். இன்றும் ராகி லட்சுமணய்யா என்றுதான் சொல்கிறார்கள்.

துவரையில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பிஆர்ஜி வரிசையைக் கேளுங்கள். பிஆர்ஜி-1 பச்சைக்காயாகப் பறிக்கவும் ஏற்றது. டிசம்பரில் துவரங்காய்க்குப் பெங்களூரில் இருக்கும் மவுசு தெரிந்தவர்களுக்கு இது முக்கியம். நான்கு மாதத்தில் முடியும் குறுகிய வயதுத் துவரை வேண்டாம். அது ராகியோடு ஒன்றாகப் பூத்து ஒன்றாக முற்றும், இரண்டுமே இளைக்கும்.

விதைக்கு ஹோப்ளி (தாலுகாவின் உட்பிரிவு) அளவில் இருக்கும் ரைத சம்பர்க்க கேந்திராவுக்கோ, பெல்லாரி ரோட்டில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்துக்கோ போகலாம். தொட்டபள்ளாபுரம் பக்கம் என்றால் ஹாடோனஹள்ளியில் கிருஷி விஞ்ஞான் கேந்திரா இருக்கிறது. மானிய விலைக்கு நிலப் பதிவு, அதாவது பஹணி, கேட்பார்கள். குத்தகைக்காரர்கள் நில உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. நவம்பரில் ஜிகேவிகேயில் நடக்கும் கிருஷி மேளாவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். கடைகளைவிட வயல்களில் அதிக நேரம் இருங்கள். ராகியும் துவரையும் சேர்ந்து நிற்பதை நேரில் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

உழவும் எருவும்

மே மழையில் ஒரு உழவு, ஜூனில் இன்னொன்று. சரிவுக்குக் குறுக்காக உழச் சொல்லுங்கள். டிராக்டர்காரர் நீளவாக்கில் ஓட்டத்தான் விரும்புவார், அவருக்குத் திருப்பம் குறையும். விட்டுக்கொடுக்காதீர்கள், செம்மண் ஒரே மழையில் அரித்துக்கொண்டு போய்விடும். நன்றாக மக்கிய தொழுவுரம் பத்து குண்டேக்கு முக்கால் டன். பச்சைச் சாணத்தைக் கொட்டினால் அடுத்த மாதம் களைதான் கிடைக்கும். மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு, நுண்ணூட்டம் என்று எதையும் வாங்க வேண்டாம்.

விதை நேர்த்தி

பத்து குண்டேக்கு ராகி ஒரு கிலோ, துவரை அரை கிலோ. இவ்வளவு கம்மியா என்று தோன்றும். ராகி ஒரு கிலோவில் மூன்று லட்சம் மணிக்கு மேல் இருக்கும். சதுர மீட்டருக்கு முப்பது செடி இருந்தால் போதும் என்பதால் இதுவே தாராளம்.

துவரைக்கு ரைசோபியம், ராகிக்கு அசோஸ்பைரில்லம். விதையில் பூசும் இந்த நுண்ணுயிர் உரங்கள் இரண்டும் உயிருள்ளவை என்பதை மறந்துவிடுகிறோம். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வாங்கிய பாக்கெட்டைக் கார் டிக்கியில் வெயிலில் நாள் முழுக்க வைத்துவிட்டுப் போட்டால் வெறும் கரித்தூளைத்தான் விதையில் பூசுகிறீர்கள். துவரைக்கு உரிய ரைசோபியம் என்று சொல்லிக் கேளுங்கள். எல்லாப் பருப்புக்கும் ஒரே இனம் பொருந்தாது. ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதை மேல் மெல்லியதாக ஒட்டும்படி புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக் கொல்லியும் பூசுவதாக இருந்தால் அந்த மருந்தை முதலில் பூசி, ஒரு நாள் விட்டு இதைப் பூசுங்கள்.

சால் போடுவது

ஜூலை முதல் பாதிதான் நல்ல காலம். மாதக் கடைசி வரை தள்ளலாம். அதற்கு மேல் துவரை இளைக்கும். ஒரு நல்ல மழை பெய்து, கையில் எடுத்துப் பிடித்த மண் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் அடுத்த சில நாள் மழை நிலவரம் மாவட்டவாரியாகக் கிடைக்கும். விதைத்த மாலையே கனமழை அடித்தால் செம்மண் மேல் ஓடு கட்டிக்கொள்ளும். ராகி முளை அதை முட்டி உடைக்க முடியாமல் உள்ளேயே மடங்கிவிடும்.

இந்த வட்டாரத்துக்குச் சொல்லப்படும் விகிதம் எட்டுச் சால் ராகி, இரண்டு சால் துவரை. ராகிச் சாலுக்கும் சாலுக்கும் ஒரு அடி. எட்டாவது ராகிச் சாலிலிருந்து ஒரு அடி தள்ளி முதல் துவரைச் சால், அதிலிருந்து இரண்டடி தள்ளி இரண்டாவது துவரைச் சால், பிறகு ஒரு அடி விட்டு மறுபடி ராகி. ஒரு சுற்றுக்குப் பதினோரு அடி. நிலத்தின் இரு முனையிலும் குச்சி நட்டு, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டிக்கொண்டால் தப்பாது. துவரையில் செடிக்குச் செடியும் ஒரு அடி, குழிக்கு இரண்டு விதை. இரண்டும் முளைத்தால் பிறகு ஒன்றைக் கிள்ளிவிடலாம்.

கூரிகே, அதாவது மாடு பூட்டும் விதைப்புக் கருவி, வைத்திருக்கும் விவசாயி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மாடு இழுக்க, முன்னால் ஒருவர் அதன் வாய்ச் சட்டத்தில் ராகியை விரல் இடுக்கு வழியாகச் சீராக விட்டுக்கொண்டே நடப்பார். பின்னால், பெரும்பாலும் அந்த வீட்டம்மா, கயிற்றில் கட்டி இழுபடும் மூங்கில் குழாயில் துவரையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வருவார். ஒரு கையில் குழாய், மடியில் விதை. பார்வை முழுக்கச் சால் மேல். டிராக்டரில் பூட்டும் விதைப்புக் கருவிக்கு எட்டு-இரண்டு என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பொழுது போய்விடும். கூரிகே கிடைக்காதவர்கள் கையால் கோடு கிழித்து விதைக்கலாம். பத்து குண்டேக்கு மூன்று பேர், ஒரு நாள். ராகியைச் சலித்த எருவிலோ மணலிலோ மூன்று பங்கு கலந்து விட்டால் கொத்தாக விழாது. ராகி ஒரு அங்குல ஆழம், துவரை அதைப்போல இரு மடங்கு. ஆழம் மாறினால் ராகி முளைக்காது. புதியவர்களின் ராகி பொய்த்துப்போக மழையைவிட இதுதான் அதிகக் காரணம்.

இரசாயன உரம் போடுகிறவர்கள் விதைக்கும்போது டிஏபி ஒன்பது கிலோ, பொட்டாஷ் நான்கு கிலோ போட்டு, ஒரு மாதம் கழித்து மழை ஈரத்தில் யூரியா ஏழு கிலோ கொடுக்கலாம். யூரியாவை ராகிச் சாலுக்கு மட்டும் போடுங்கள். துவரைக்கு அருகில் போட்டால் அது சுலபமாகக் கிடைப்பதைத் தின்றுவிட்டு முடிச்சுக் கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும்.

முதல் ஐந்து வாரம்

இந்த ஐந்து வாரம் கண் வைத்தால் போதும், பிறகு கொஞ்சம் மறந்துகூட இருக்கலாம். பதினைந்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குள் ராகியைக் கலைத்து, செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பிடுங்கிய நாற்றை மழை நாளாகப் பார்த்து வெறுமையாக இருக்கும் இடங்களில் நட்டால் பிழைத்துக்கொள்ளும். இருபத்தைந்தாம் நாள் ஒரு களை, நாற்பதாம் நாளுக்குள் இன்னொன்று. ஒரு அடி இடைவெளி விட்டது கையால் தள்ளும் சக்கரக் களைக்கருவி நுழையத்தான்.

கடைக்காரர் களைக்கொல்லியை எடுத்து நீட்டுவார். ராகியில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் 2,4-டி துவரையையும் அகன்ற இலைக் களையாகத்தான் பார்க்கும். ஒரே நாளில் தண்டு முறுக்கிக்கொண்டு சாயும். உங்கள் நிலத்தில் அடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்து நிலத்துக்காரர் தனி ராகி போட்டிருந்தால், காற்று இந்தப் பக்கம் அடிக்கும் நேரத்தில் அதைத் தெளிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

நாற்பதாம் நாள் வாக்கில் ஒரு துவரைச் செடியைத் தியாகம் செய்யுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணோடு நின்றுவிடும். சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டி, மண்கட்டியோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் மிளகு அளவில் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் பூசிய பாக்கெட்டில் உயிர் இல்லை, அல்லது யூரியா அதிகமாகிவிட்டது. அந்த ஆண்டு அதற்காக ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த ஆண்டு கடையை மாற்றலாம்.

துவரைக்குப் பதில் அவரை

அவரைக்காய் மேளாவில் அவரைக்காய் தோசையும் உப்பிட்டும் சாப்பிட்டவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அவரைக்கு விகிதம் எட்டுக்கு ஒன்று. நாட்டு அவரை பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும். எவ்வளவு முன்னதாகப் போட்டாலும் காய் மார்கழிப் பனியில்தான்; முன்னதாகப் போட்டால் கொடிதான் கூடும். ஆனேக்கலில் ஒரு பெரியவர் சொன்னது சுருக்கமாக இருந்தது: “அவரைய நெருக்கிப் போடாதீங்க சார், ராகி மேல ஏறி உக்காந்துக்கும்.” ஹெப்பாள் அவரை என்று விற்கும் ஹெச்ஏ-3, ஹெச்ஏ-4 ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை, எப்போது போட்டாலும் பூக்கும். நல்ல ரகங்கள்தான், ஆனால் ராகி நடுவே அவை வேண்டாம் என்பேன். ராகி பால் பிடிக்கும் சமயத்தில் காய் பறிக்க உள்ளே நடக்க வேண்டிவரும், மிதிபடுவது ராகி. அவற்றுக்குக் கிணற்றடியில் தனியாக ஒரு பாத்தி ஒதுக்குங்கள். நாட்டு அவரையின் சொகடு, அதாவது அந்த வாசனை, அவற்றில் கம்மி என்று மார்க்கெட்டில் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பூச்சி, நோய்

ராகிக்குப் பெரிய தொல்லை இல்லை. துவரையில் பூக்கும்போதும் காய்க்கும்போதும் காய்ப்புழு வரும். பூ மொட்டு விட்டதும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு வையுங்கள். ராகி அறுத்த பிறகு, பறவைகள் உட்கார ஐந்தாறு இடத்தில் டி வடிவக் குச்சி நடுங்கள். கரிச்சான் வந்து புழுவைப் பொறுக்கும். ராகிக் கதிர் நிற்கும்போதே நட்டால் சில்லையும் குருவியும் அதே குச்சியில் உட்கார்ந்து ராகியைத் தின்னும். புழு சிறியதாக இருக்கும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப் கரைத்து, சாயங்காலம் அடிக்க வேண்டும். துவரைச் சாலுக்கு மட்டும் என்பதால் இருபது லிட்டர் போதும்.

சில செடிகள் வெளிறிய சிறு இலைகளோடு புதராக நிற்கும், பூக்கவே பூக்காது. அது மலட்டுத் தேமல் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் பரப்புகிறது. மருந்தைத் தேடி அலையாமல் பார்த்த அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். போன வருடத்துத் துவரை வரப்போரத்தில் தானாக முளைத்து நின்றால், விதைப்பதற்கு முன்பே அதையும் வெட்டிவிட வேண்டும். நோய் அங்கேதான் கோடையைக் கழிக்கிறது.

அறுவடையும் கணக்கும்

நவம்பரில் ராகிக் கதிர் பழுப்பேறியதும் அரிவாளால் அறுக்க வேண்டும். நடுவில் துவரை நிற்பதால் அறுவடை இயந்திரம் நுழையாது. ஊடுபயிரின் உண்மையான செலவு இதுதான். விதைக்கும்போதே ஆள் பேசிவையுங்கள். தாளைக் கீழே மடக்கிப் போட்டு இரண்டு மூன்று நாள் காயவிட்டு, கட்டி எடுத்து, தார்ப்பாயில் அடித்துக்கொள்ளலாம். கிருஷி யந்திரதாரை மையங்களில் கதிரடிக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். தாளை வேலைக்காரர் கூலியில் ஒரு பகுதியாகக் கேட்பார். மாடு வைத்திருப்பவர்களுக்கு அது தானியத்துக்குச் சமம். துவரை ஜனவரியில், முக்கால்வாசிக் காய் காய்ந்ததும்.

லாபமா நஷ்டமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கணக்குக்காக, தனி ராகி ஏக்கருக்கு 10 குவிண்டால், தனித் துவரை 5 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துப் போட்டதில் ராகி 8, துவரை 2 கிடைத்தால், 8-ஐ 10-ஆல் வகுத்து 0.8, 2-ஐ 5-ஆல் வகுத்து 0.4, இரண்டையும் கூட்டினால் 1.2. அதாவது ஒரு ஏக்கர், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான வேலை செய்திருக்கிறது. ஒன்றுக்குக் கீழே வந்தால் அந்த ஜோடி ஒத்துவரவில்லை என்று அர்த்தம். பணமாகப் பார்த்தால், 2025-26 குறைந்தபட்ச ஆதரவு விலை ராகிக்கு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், துவரைக்கு 8,000 ரூபாய். விட்டுக்கொடுத்த இரண்டு குவிண்டால் ராகி 9,772 ரூபாய். கிடைத்த இரண்டு குவிண்டால் துவரை 16,000 ரூபாய். பத்து குண்டேயில் இதில் கால் பங்கு என்பதால் பணக்காரராகப் போவதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு வருடம் முழுக்க ராகிக் களியும் சாம்பாரும் ஓடும். செப்டம்பர் மழை பொய்த்த வருடத்தில் ராகி ஏமாற்றினாலும் துவரை கொஞ்சமாவது கொடுக்கும்.

ராகி நன்றாகக் காய்ந்திருந்தால் வருடக்கணக்கில் புழுக்காது. துவரையில் அந்த நம்பிக்கை வேண்டாம். வண்டு வயலிலிருந்தே முட்டையோடு வரும். கடித்தால் நொறுங்கும் பதத்துக்குக் காயவைத்து, செம்மண் குழம்பில் புரட்டி மறுபடி காயவைத்து மூட்டை கட்டலாம், அல்லது காற்றுப் புகாத டிரம்மில் போடலாம். நிலத்தை விட்டு வருவதற்கு முன், துவரைச் சால் ஓடிய இடங்களில் வரப்பில் ஒரு கல் நட்டுவிட்டு வாருங்கள். அடுத்த ஜூலையில் அங்கே ராகியும், ராகி நின்ற இடத்தில் துவரையும் போக வேண்டும்.